கல்லாகிய மரமும் சிறுவர் வினாவும்

"கல்லிற் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, அக்கா? நம் ஊரைச் சுற்றிலும் கல்தானே கிடக்கிறது!"

இவ்வாறு எம்மை வினாவியவன் பத்து வயதுச் சிறுவன். கச்சிராயபாளையத்திற் பிறந்து வளர்ந்தவன் இங்ஙனம் வினாவுதல் வியப்பன்று. மேற்றிசை நோக்குவார்க்குக் கல்வராயன் மலை கண்ணை மறித்து நிற்கும். அம்மலையினின்று இழியும் கோமுகி யாற்றைத் தடுத்து 1960களில் எழுப்பிய அணையின் கரையிலும் கல்லே. கரும்புத் தோட்டத்து வரப்பிற் காலை இடறுவதும் கல்லே. நாடோறும் காண்பதை எவரும் நோக்குவதில்லை. சென்ற வேனில் விடுமுறையில் எம்மூர் வேதபாடசாலை முடிவுற்ற பொழுது, அதிற் பயின்ற சிறார் பதினால்வரை ஒருநாட் பயணமாக அழைத்துச் செல்லும் பொறுப்பு எம்பாற் சார்ந்தது. கடற்கரைக்குப் போகலாம் என்றனர் சிலர். விலங்கினச் சாலைக்குப் போகலாம் என்றனர் பலர். யாம் கற்களைக் காணப் போகலாம் என்றோம். மேற்கண்ட வினா அதன் பயனாய் எழுந்தது.

எமக்குத் துணையாய் நின்றது யோசுவாவின் ஆகமம். யோர்தானைக் கடந்த இசரவேலர், ஆற்றின் நடுவினின்று பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து நாட்டினர் என்றும், பின்னாளில் பிள்ளைகள் இக்கற்கள் யாவை என்று வினவுங்கால் தந்தையர் விடை கூறவேண்டும் என்பதே அதன் கருத்தென்றும் அங்கே காண்கின்றோம். பிள்ளைகள் வினவுவதற்கென்றே நாட்டிய கற்கள் அவை! அங்ஙனமாயின் கல்லைக் காட்டுவோர் முதலில் ஆயத்தஞ் செய்ய வேண்டுவது விடையை. இதனை அன்று பயணம் புறப்படுகையில் யாம் உள்ளவாறு உணர்ந்திலோம். எம் கல்லூரி மாணவருட் பலர் நாளை ஆசிரியராக இருப்பவராதலின், அன்று எமக்கு நேர்ந்ததனை ஈண்டு எழுதுதல் தகும் எனக் கொண்டோம்.

விடியற்காலையில் மோட்டார் வண்டி புறப்பட்டது. திருச்சபை உபதேசியார் ஐயா ஒருவரும், தாய்மார் இருவரும் உடன் வந்தனர். வண்டி ஊரெல்லை கடக்குமுன்னரே யாம் பாடந் தொடங்கிவிட்டோம். அதுவே எமது முதற் பிழை. கல்வராயன் மலைக் கல்லைப் பற்றி யாம் சேர்த்து வைத்திருந்த செய்திகள் மிக நல்லன, ஐயமில்லை. அம்மலையிற் பெரும்பான்மையாயுள்ள கரும்பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்பது நிலநூலார் வழங்கும் பெயர். உடைத்த முகத்தில் எண்ணெய் பூசினாற்போன்ற மினுக்கமும், கருநீலம் கலந்த பசுமையும் உடையது. 1690இல் கல்கத்தாப் பகுதியில் ஆங்கில வணிகர் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக் கல், அந்நகரத்துத் தூய யோவான் ஆலய வளாகத்தில் உள்ளது. ஹாலண்டு என்னும் நிலநூற் பேரறிஞர் அக்கல்லை ஆராய்ந்து, சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறையோடு ஒத்திருக்கக் கண்டு, 1893இல் அப்பெயரை இட்டார். தோமா அப்போஸ்தலர் இரத்தசாட்சியாய் மரித்த இடமென மரபு கூறும் பரங்கிமலையும் இக்கல்லால் ஆயதே. அது தேசிய நிலநூற் சின்னமாக இந்நாளிற் போற்றப்படுகின்றது.

தமிழ் பயில்வார்க்கு உவப்பான செய்தி ஒன்றும் இதனோடு சேர்ந்துளது. திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களின் பாறைகளை ஆராய்ந்து 1864ஐ ஒட்டி நூல் வெளியிட்டவர் கிங், புரூஸ் ஃபுட் என்னும் இருவர். கல்வராயன் மலை அம்மாவட்டங்களுக்கு இடைப்பட்டது. இவருள் ஃபுட் என்பவர் 1863இல் பல்லாவரத்திற் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். அவர்தம் மனைவியார் யார் எனின், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் துணைகொண்டு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பேர்சிவல் போதகரின் மகளார் ஆவர். ஒரு குடும்பத்தில் மாமனார் வேதத்தின் மொழியையும் மருமகனார் மலையின் மொழியையும் ஆராய்ந்தனர் என்பது எமக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது.

எமக்குத் தந்தது, சிறார்க்குத் தந்திலது. தியாகதுருக்கத்துக் குன்று தோன்றும் முன்னரே நால்வர் உறங்கினர். எம் மலைக்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையது என்று யாம் பெருமிதத்தோடு கூறியபொழுது, ஒரு சிறுமி, "எப்போது சாப்பிடுவோம், அக்கா?" என்றாள். கைக்கு எட்டாத எண்ணையும் கண்ணுக்கு எட்டாத கல்லையும் ஓடும் வண்டியில் வைத்துக் கற்பித்தல் வீண் என்பதை அவ்வளவிற் கற்றோம். பின்னர் யாம் வாய் மூடியிருந்தோம். வண்டி அமைதியுற்றது.

திருக்கோவலூரில் இறங்கினோம். பெண்ணை யாற்றில் அப்பொழுது நீர் அருகி மணல் விரிந்திருந்தது. வீரட்டானேசுவரர் கோயிலை அடுத்து, ஆற்றினுள்ளே தனித்தெழுந்து நிற்கும் பெரும்பாறையே கபிலர் குன்று எனப்படுவது. அதன் உச்சியிற் சிறு கோயிலொன்று உண்டு. இம்முறை யாம் ஒன்றும் கூறாமல், "சுற்றி வந்து பாருங்கள், பார்த்ததை வந்து சொல்லுங்கள்" என்று மட்டும் கூறினோம். சிறார் ஓடினர். ஒருவன் நீர் வழிந்த கறைகளைக் கண்டு, வெள்ளம் எத்துணை உயரம் ஏறும் என்பதனை அளந்து வந்தான். மற்றொருத்தி, ஆற்றில் வேறு கல் இன்றி இஃதொன்று மாத்திரம் நிற்பதேன் என்றாள். அதன்மேல்தான் கதை சொன்னோம்.

பறம்புமலைத் தலைவனாகிய வேள் பாரி மூவேந்தரால் மடிந்தபின், அவன் உயிர்த் தோழராகிய கபிலர், தந்தையை இழந்த மகளிரை அழைத்துக்கொண்டு ஊர்தோறும் அலைந்தார். விச்சிக்கோன் மணக்க மறுத்தான், இருங்கோவேளும் மறுத்தான். புறநானூற்றுப் பழங்குறிப்பின்படி அம்மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்ப்பித்துக் கபிலர் வடக்கிருந்து உயிர் நீத்தார். உண்ணாது வடக்கு நோக்கியிருந்து மாளுதலே வடக்கிருத்தல். ஆயின் இவ்வீரட்டானத்துக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, கபிலர் பாரி மகளை மலையமானுக்கு அளித்துவிட்டுப் பெண்ணை யாற்றிடை உள்ள கபிலக்கல்லில் தீப்புகுந்தார் என்கிறது. குறிஞ்சித்திணையைப் பாடுவதிற் சிறந்து, குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறிய புலவர்க்கு, இறுதியில் மலையன்றி ஆற்றிடைக் கிடந்த ஒரு கல்லே எஞ்சியது.

கதை முடிந்ததும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "பட்டினி கிடந்து செத்தாரா, நெருப்பில் விழுந்து செத்தாரா? யார் பார்த்தது?" என்றாள். வகுப்பில் ஈராண்டு யாம் கேட்கத் தவறிய வினா அது. புறநானூற்றுக்கும் அக்கல்வெட்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தன. கல்லில் வெட்டியதனாலேயே ஒரு செய்தி கண்ணாற் கண்டதாகிவிடாது. ஊரார் வழிவழி நம்பியது இஃது என்பதற்கு அக்கல் சான்று. நிகழ்ந்தது இஃதே என்பதற்கு அஃதொன்றே போதிய சான்றாகாது. இவ்வாறு விடை கூறி, மணலில் மூன்று கோடு கிழித்தோம். கண்ணாற் கண்டது ஒன்று; பிறர் சொல்லக் கேட்டது ஒன்று; கணக்கிட்டு அறிந்தது ஒன்று. பாறை கண்டது. கபிலர் வரலாறு கேட்டது. மூன்றாவது கோட்டிற்கு எடுத்துக்காட்டுத் திருவக்கரையில் தருவோம் என்றோம். அது எம்மையே திரும்பி வந்து பற்றும் என்று அறிந்திலோம்.

விழுப்புரத்தைக் கடந்து திருவக்கரையை அடையும்பொழுது உச்சிவெயில். (இவ்வழி செல்ல நினைப்பார் முதலில் திருவக்கரையைக் காலையிற் கண்டு, திரும்புங்கால் மாலையிற் கபிலர் குன்றைக் காண்க. அங்கு நிழல் அரிது. குடிநீர் மிகுதியாய்க் கொண்டு செல்க.) சங்கராபரணி யாற்றின் பக்கத்துள்ள இவ்வூர் வக்கிரகாளியம்மன் சந்நிதியால் பலரும் அறிந்தது, கல்மரப் பூங்காவோ அறிந்தார் சிலரே. 'பூங்கா' என்ற சொல் கேட்டு ஊஞ்சலும் பூச்செடியும் எதிர்பார்த்து வந்த சிறார், செம்மண் மேட்டையும் முட்புதரையும் கண்டு முகம் வாடினர். 'கல்மரம்' என்ற சொல்லோ இன்னும் பெரிய ஏமாற்றத்தைத் தந்தது. கிளையும் இலையுமாய்க் கல்லாலான மரங்கள் நிற்கும் என்று அவர்கள் எண்ணியிருந்தனர். அங்குள்ளவை நிற்கவில்லை; கிடக்கின்றன.

"அறுத்துப் போட்ட கட்டை போல் இருக்கிறதே!" என்றான் முதலில் ஓடியவன். ஓடிப்போய்த் தொட்டவன் கையை வெடுக்கென எடுத்துக்கொண்டான். வெயிலிற் காய்ந்த கல் சுட்டது. பின்னர்த் துணியால் துடைத்துப் பார்த்தனர். மரத்தின் வரி, கணு, நடுவிலுள்ள சோற்றுப்பகுதி, வளையத்துள் வளையம் ஆகிய அனைத்தும் மரத்தில் உள்ளவாறே இருந்தன. தட்டினால் ஒலிப்பதோ கல். இருவர் தலைமாடு கால்மாடாகப் படுத்து ஒரு மரத்தை அளந்தனர். மரம் அவர்களினும் நீண்டது. வளையங்களை எண்ணத் தொடங்கிய மூவர் நாற்பதை ஒட்டிச் சண்டையிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினர். அரைமணி நேரம் யாம் பேச வேண்டியதில்லாது போயிற்று.

இம்மரங்கள் கல்லான வகையை அவர்கட்கு விளக்கியவாறு இது. வேர், கிளை, இலை, பட்டை இவை ஒன்றும் இம்மரங்களிற் காணப்படாமையால், இவை இங்கு வளர்ந்தவை அல்ல என்பதும், பெருவெள்ளம் வேரொடு பறித்து உருட்டிக் கொணர்ந்தவை என்பதும் பெறப்படும். வந்த மரங்களை மணலும் பரலும் மூடின. ஆழப் புதையுண்டமையால் அவை மக்கிப் போகவில்லை. மணலிடை ஊறிய நீரிற் கரைந்திருந்த சிலிக்கா என்னும் கல்லின் சத்து மரத்தின் நுண்ணறைகளுட் புகுந்து படிந்து, மரத்தின் பொருள் கழியக் கழிய அவ்விடத்தைத் தான் நிரப்பிக்கொண்டது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாய்ப் படியும் உப்பை எல்லாரும் கண்டிருக்கின்றனர். பாகிலே நூலைத் தொங்கவிட்டால் நூலைச் சுற்றிக் கற்கண்டு விளைவதும் கரும்பூர்ப் பிள்ளைகட்குத் தெரியும். பழைய சுவரில் ஒரு செங்கல்லை உருவிப் புதுக்கல் ஒன்றை வைத்து, இவ்வாறே ஒவ்வொன்றாய் மாற்றினால், இறுதியில் எல்லாம் புதுக்கல்லாயினும் சுவரின் வடிவு பழையதே அன்றோ என்று கேட்டதற்கு, "ஆமாம், சன்னல் அங்கேயேதான் இருக்கும்" என்றான் முதலில் கல்லை இகழ்ந்த சிறுவன்.

பிரெஞ்சு நாட்டு இயற்கை நூலறிஞர் சொன்னராத் என்பவர் 1781ஆம் ஆண்டளவில் இதனைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதனைத் தேசிய நிலநூற் சின்னமாகக் காத்து வருகின்றது. இம்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழமையன என்பது அத்துறையார் கணிப்பு.

இதனைக் கூறிய அளவில், கபிலரைப் பற்றி வினாவிய அதே சிறுமி, "அப்படியானால் ஆதாம் பிறப்பதற்கு முன்னமே இந்த மரம் இருந்ததா, அக்கா? வேதபாடசாலைச் சுவரிலே உலகம் உண்டாகி ஆறாயிரம் வருடம் என்று எழுதி ஒட்டியிருக்கிறதே" என்றாள்.

பதினான்கு முகங்களும் எம்மை நோக்கின. உபதேசியார் ஐயாவும் நோக்கினார். யாம் செய்தது யாதெனில், "முதலில் சாப்பிடுவோம், பிறகு சொல்கிறேன்" என்று நழுவினோம். அச்சிறுமி ஒன்றும் பேசாமல் தலை குனிந்து நடந்தாள். புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்கும்பொழுது எமக்கு நாணமாயிருந்தது. யார் பார்த்தது என்று புறநானூற்றின்மேல் வினவினால் மெச்சுவோம். அதே வினாவை எம் சுவரொட்டியின்மேல் வினவினால் சோறு போடுவோம். இஃது என்ன நேர்மை?

உண்டபின் வேப்பமர நிழலில் அமர்ந்து, மீண்டும் மூன்று கோடு கிழித்தோம். ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் படைத்தார் என்பது நாம் கேட்டு விசுவசித்தது. ஆதியாகமம் அங்கே ஆண்டு ஒன்றும் குறிக்கவில்லை. கிறிஸ்துவுக்கு முன் 4004 என்ற ஆண்டைக் கணக்கிட்டவர் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர்; அவர் நூல் வெளிவந்தது 1650இல். வேதத்திலுள்ள தலைமுறைகளையும் பிறநாட்டு வரலாறுகளையும் ஒப்பிட்டு மிகுந்த உழைப்போடு அவர் கணக்கிட்டார். 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அவ்வாண்டு அச்சிடப்பட்டது. ஓரத்தில் அச்சிட்டதை நாளடைவில் பலர் வசனமாகவே எண்ணத் தலைப்பட்டனர். ஆகவே ஆறாயிரம் என்பதும் ஒரு கணக்கு. 2 கோடி என்பதும் ஒரு கணக்கு. இரண்டும் மூன்றாங் கோட்டைச் சேர்ந்தவை. கணக்கைக் கணக்கால் சரிபார்க்க வேண்டும். பாறை அடுக்குகளையும் அவற்றிற் பதிந்த உயிர்களின் எச்சங்களையும் நாடுதோறும் ஒப்பிட்டுப் பார்த்தவர் கணக்கு இரண்டாவதையே உறுதி செய்கின்றது. ஆதலின், "ஆம், மனிதர் தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே இம்மரம் வளர்ந்தது" என்று அச்சிறுமிக்குத் தெளிவாய் விடை கூறினோம்.

உபதேசியார் ஐயா எம்மைத் தனியே அழைத்தார். "அம்மா, நீ படித்த பிள்ளை. ஆனால் சிறுபிள்ளைகள் நெஞ்சில் சந்தேகத்தை விதைக்கலாமா?" என்றார். நாற்பதாண்டு மலையூர்களில் நடந்தே ஊழியஞ் செய்தவர் அவர். எம்மிலும் வேதம் நன்கறிந்தவர். "ஐயா, வினாவை யான் விதைக்கவில்லை, கல்லைப் பார்த்து அவள் கேட்டாள். இன்று மறைத்தால் நாளைப் பள்ளியிற் படிக்கும்பொழுது, ஆறாயிரத்தோடு ஆதியாகமத்தையும் சேர்த்து எறிந்துவிட மாட்டாளா?" என்றோம். ஆதியாகமத்து நாட்களை நம் நாட்களைப் போன்றவை எனக் கொள்ளுதற்கில்லை என்று அகுஸ்தீன் அடிகள் 5ஆம் நூற்றாண்டிலேயே கருதியதையும், ஸ்காத்லாந்தில் கற்றச்சராயிருந்து நிலநூல் அறிஞரான ஹியூ மில்லர் என்பார் சுத்தியலையும் வேதத்தையும் ஒருங்கே கைவிடாதிருந்ததையும் கூறினோம். அவர் உடன்பட்டார் என்று எழுத எமக்கு ஆசையே. "யோசிக்கிறேன்" என்றார், அவ்வளவே. பின்னர் அவர் தனித்துச் சென்று, ஒரு கல்மரத்தின் முன் குந்தி, விரலால் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டோம்.

புறப்படும் வேளையில் இன்னொரு சிக்கல். 'கல்தானே' என்ற சிறுவனின் சட்டைப்பையில் ஒரு சில்லு இருந்தது. சிறு துண்டும் அங்கிருந்து எடுத்தல் ஆகாது. திருட்டு என்று அதட்ட வாயெடுத்தோம், அவன், "ஆயாவுக்கு. ஆயாவால் வண்டியில் வர முடியாது" என்றான். சில்லை எடுத்த இடத்திலேயே வைப்பித்து, நோட்டுப் புத்தகத் தாளைக் கல்மரத்தின் வளையத்தின்மேல் விரித்துப் பென்சிலை மென்மையாய்த் தேய்க்கச் செய்தோம். வளையமும் வெடிப்பும் தாளில் அப்படியே எழுந்தன. கண்ட மற்றையோரும் தாள் கேட்டனர். பதினான்கு தாள் ஆயிற்று. சிறாரோடு அங்குச் செல்வோர் தாளும் பென்சிலும் மறவாது கொண்டு செல்வாராக. காவலருக்கும் அதனால் வருத்தமில்லை.

மறுநாள் அவன் வீட்டிற்குச் சென்றோம். ஆயா இளமையில் மலையிற் சுள்ளி பொறுக்கி வந்து விற்றவர். தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, "வேம்பு இல்லை. புளியங்கட்டை மாதிரி இருக்குது" என்றார். வேறு கல்வியில்லாத அம்மூதாட்டி செய்ததும், நிலநூலார் கல்மரத்தை மெல்லிய தகடாய் அறுத்து உருப்பெருக்கியின்கீழ் வைத்து, இக்காலத்து மரங்களின் அறையமைப்போடு ஒப்பிட்டு, புளி, ஆமணக்கு முதலியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்தவை அங்கு உள என்று கண்டதும் ஒரே வகைச் செயலாம். ஆயாவின் முடிவு சரியோ அன்றோ, யாம் அறியோம்; அவர் நோக்கிய முறை சரி.

வேதபாடசாலைச் சுவரொட்டி இன்னும் அங்கேயே உளது. அதனருகே உபதேசியார் ஐயாவின் இசைவோடு ஒரு தேய்த்த தாளும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆண்டு எழுதும் இடத்தை அச்சிறுமி வெறுமையாக விட்டிருக்கிறாள். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் அறிஞர் கண்ட 18 மீட்டர் நீளக் கல்மரம் இதனினும் மிகப் பழையது, ஏறத்தாழ 12 கோடி ஆண்டினது என்று கேள்வியுற்று, அதனையும் கண்டபின்னரே இரண்டையும் சேர்த்து எழுதுவாளாம். பொங்கல் விடுமுறைக்கு வண்டி பேசியிருக்கிறோம். உபதேசியார் ஐயாவும் வருகிறார்.